'டார்க்கஸ்ட் ஹவர்': சுரங்க ரயில் காட்சி கற்பனை என்றால், அந்த முடிவு எங்கே எடுக்கப்பட்டது?

11 மார்ச் 2018, காலை (இழையைத் தொடங்கியவர்)

'டார்க்கஸ்ட் ஹவர்' பார்த்த எல்லோரும் அந்தச் சுரங்க ரயில் காட்சியைத்தான் பேசுகிறார்கள். 1940 மே மாதம், பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் காரிலிருந்து நழுவி இறங்கித் தனியாக ரயிலேறுகிறார். ஹிட்லரோடு சமாதானம் பேசலாமா என்று பயணிகளிடம் கேட்கிறார். ஒருவர் விடாமல் கூடவே கூடாது என்கிறார்கள். அதற்குப் பிறகுதான் அவர் உறுதியாகிறார். இப்படி ஒன்று நடக்கவே இல்லையாமே? படத்தின் உச்சக் காட்சியே பொய் என்றால் வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் சமாதானம் பேசச் சொன்னது, ராஜினாமா செய்வேன் என்று மிரட்டியது, இதெல்லாமும் கட்டுக்கதைதானா? வரலாற்று வகுப்பில் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

11 மார்ச், இரவு

ரயில் காட்சி முழுக்கக் கற்பனை. ஹாலிஃபாக்ஸ் விவகாரம் முழுக்க உண்மை. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

நார்வே தோல்வி பற்றிய விவாதத்துக்குப் பிறகு வந்த வாக்கெடுப்பில் அப்போதைய பிரதமர் சேம்பர்லினின் அரசு விழுந்தது. 1940 மே 10 காலை ஜெர்மனி ஹாலந்து, பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. அன்று மாலையே சர்ச்சில் பிரதமர். அவர் அமைத்த போர்க்கால அமைச்சரவையில் ஐந்தே பேர்: சர்ச்சில், சேம்பர்லின், ஹாலிஃபாக்ஸ், தொழிற்கட்சியின் அட்லி, கிரீன்வுட். மே 26, 27, 28 மூன்று நாளில் இவர்கள் ஒன்பது முறை கூடினார்கள். இத்தாலி வழியாகப் பேசிப் பார்க்கலாமா என்பதுதான் பேச்சு. படத்தின் முதுகெலும்பு இது. இதை எவரும் இட்டுக்கட்டவில்லை.

12 மார்ச், காலை

நேற்று எழுதியதில் ஒரு பிழை. சேம்பர்லின் அரசு அந்த வாக்கெடுப்பில் தோற்கவில்லை. 281க்கு 200 என்று வென்றது. ஆனால் வழக்கமாக இருநூறுக்கு மேல் இருக்க வேண்டிய வித்தியாசம் 81 ஆகச் சுருங்கிப்போனது. சொந்தக் கட்சிக்காரர்கள் சிலர் எதிர்த்து வாக்களித்தார்கள், சிலர் வாக்களிக்காமலே ஒதுங்கிக்கொண்டார்கள். வென்றும் நாற்காலியில் உட்கார முடியாத நிலை. "விழுந்தது" என்று எழுதினால் வகுப்பில் யாராவது கேட்டு மாட்டிக்கொள்வீர்கள். அதனால்தான் திருத்துகிறேன்.

12 மார்ச், இரவு

இனி அந்த மூன்று நாள். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். இது புரிந்தால்தான் ரயில் காட்சி எதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது தெரியும்.

மே 25 சனிக்கிழமை. லண்டனிலிருந்த இத்தாலியத் தூதர் பாஸ்தியானினியை வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் சந்திக்கிறார். இத்தாலி அப்போது போரில் இறங்கவில்லை. முசோலினி நடுவில் நின்றால் ஐரோப்பா முழுமைக்கும் ஓர் ஏற்பாடு சாத்தியமா என்று நூல்விட்டுப் பார்க்கிறார்.

மே 26 ஞாயிறு. பிரெஞ்சுப் பிரதமர் ரெய்னோ லண்டன் வருகிறார். பிரான்ஸ் தாங்காது என்பது அவர் பேச்சிலேயே தெரிகிறது. ஹாலிஃபாக்ஸ் கேட்பது கோழைத்தனமான கேள்வி இல்லை. நம் சுதந்திரத்துக்குப் பங்கம் வராத நிபந்தனைகள் கிடைக்குமா என்று கேட்டுப் பார்ப்பதில் என்ன நஷ்டம் என்கிறார். அன்று மாலை 6.57க்கு பிரெஞ்சுக் கடற்கரையில் டன்கர்க்கில் சிக்கிய படையை மீட்கும் 'டைனமோ' நடவடிக்கைக்கு உத்தரவு போகிறது.

மே 27 திங்கள். பேச்சு முற்றுகிறது. பேச உட்கார்ந்தாலே சறுக்குப் பாதையில் கால் வைத்ததாகிவிடும், பிறகு நிற்க முடியாது என்பது சர்ச்சிலின் வாதம். ஹாலிஃபாக்ஸ் அன்றைய நாட்குறிப்பில், சர்ச்சிலும் கிரீன்வுட்டும் சகிக்க முடியாத அபத்தம் பேசினார்கள், உங்கள் கருத்து இதுதான் என்றால் நம் வழிகள் பிரிய வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டேன் என எழுதியிருக்கிறார். சர்ச்சில் அவரைத் தோட்டத்துக்கு அழைத்துப்போய்த் தணிக்கிறார். ராஜினாமா மிரட்டல் உண்மையா என்று கேட்டீர்களே, பதில் இந்த நாட்குறிப்பில் இருக்கிறது.

மே 28 செவ்வாய். பெல்ஜியம் சரணடைந்துவிட்டது. மாலை 4 மணிக்கு நாடாளுமன்றத்தில் பிரதமர் அறையில் ஐவரும் கூடுகிறார்கள். லிபரல் தலைவர் சின்க்ளேரும் உடன் இருக்கிறார். போராடி வீழ்ந்த தேசங்கள் மறுபடி எழுந்தன, அடங்கிச் சரணடைந்தவை முடிந்துபோயின என்று சர்ச்சில் சொன்னது கூட்டக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது. பேச்சுவார்த்தை தொடங்கிவிட்டோம் என்று மக்களுக்குத் தெரிந்தால் அவர்கள் மனவுறுதியைத் திரும்பத் தூக்கி நிறுத்தவே முடியாது என்கிறார் அட்லி. இந்த வாதத்துக்குப் படத்தில் உரிய இடமில்லை.

இடைவேளையில், ஐவர் குழுவுக்கு வெளியே இருந்த மற்ற அமைச்சர்கள் இருபத்தைந்து பேர் போலக் கூடுகிறார்கள். சர்ச்சில் அவர்களிடம் நிலைமையை மறைக்காமல் சொல்கிறார். நம் நெடிய தீவுக் கதை முடியத்தான் வேண்டுமென்றால், நாம் ஒவ்வொருவரும் அவரவர் ரத்தத்தில் மூச்சுத் திணறித் தரையில் கிடக்கும்போது முடியட்டும் என்று அவர் சொன்னதாக அங்கிருந்த ஹியூ டால்ட்டனின் நாட்குறிப்பு சொல்கிறது. அமைச்சர்கள் ஓடிவந்து முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். 7 மணிக்குத் திரும்பிவந்து ஐவரிடம் இதைச் சொல்கிறார். பேச்சு அத்தோடு முடிந்தது. ரெய்னோவுக்கு மறுப்பு போகிறது.

கவனியுங்கள், படமும் இந்தப் பெரிய அமைச்சர் கூட்டத்தைக் காட்டுகிறது. ஆனால் சர்ச்சில் அங்கே ரயில் பயணிகளின் பெயர்களை வாசிக்கிறார். அமைச்சர்களின் சொந்தத் துணிச்சலைப் பயணிகளின் கணக்கில் எழுதிவிட்டார்கள். என் மனத்தாங்கல் இதுதான்.

13 மார்ச்

ரயில் காட்சியை மட்டும் தனியாக எடுத்துக்கொள்வோம்.

செயின்ட் ஜேம்ஸ் பார்க் நிலையத்தில் ஏறுகிறார், வெஸ்ட்மின்ஸ்டரில் இறங்குகிறார். டிஸ்ட்ரிக்ட் பாதையில் இவை அடுத்தடுத்த நிலையங்கள், இடையில் வேறு நிறுத்தமே கிடையாது. படத்தில் நடக்கும் உரையாடலுக்கு அந்த ஓட்டம் எந்த விதத்திலும் போதாது. லண்டனைத் தெரிந்தவர்களுக்கு முதலில் உறுத்துவது இது.

1926 பொது வேலைநிறுத்தத்தின்போது ஒரே ஒரு முறைதான் சர்ச்சில் சுரங்க ரயிலில் ஏறினார், எங்கே இறங்குவது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தவரை மீட்க வேண்டியிருந்தது என்று அவர் மனைவி கிளமென்டைன் சொன்னதாகப் பதிவு உண்டு. திரைக்கதை இந்தத் துணுக்கிலிருந்துதான் முளைத்திருக்க வேண்டும்.

பயணி ஒருவரும் சர்ச்சிலும் சேர்ந்து சொல்லும் வரிகள் மெக்காலே எழுதிய ரோமப் பாடல்களில் வருபவை, பாலத்தைத் தனியாகக் காத்த ஹொரேஷியஸ் பற்றியவை. ஹாரோ பள்ளியில் அந்தத் தொகுப்பிலிருந்து ஆயிரத்து இருநூறு வரிகளைப் பிழையில்லாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கியதைச் சர்ச்சிலே தன் இளமைக்கால நூலில் எழுதியிருக்கிறார். ஆக, உள்ளே இருக்கும் பொருள்கள் உண்மை. கட்டிய வீடுதான் பொய்.

இன்னொன்றும் உண்டு. மே 28 அன்று லண்டன் மக்களுக்கு இந்தக் கேள்வியே தெரியாது. ஹாலிஃபாக்ஸின் யோசனை பரம ரகசியம். ஒரு பிரதமர் அதைப் பொது ரயிலில் கேட்டிருந்தால் அட்லி அஞ்சியது அந்த நிமிடமே நடந்திருக்கும்.

13 மார்ச், பின்னிரவு

ஒரு எண்ணை விட்டுவிட்டேன். இதை விட்டால் அந்த முடிவின் கனம் தெரியாது.

டன்கர்க்கிலிருந்து மே 27 அன்று கரை சேர்ந்தவர்கள் 7,669 பேர். மே 28 அன்று 17,804. இரண்டும் சேர்த்தால் 25,473. மொத்தம் மீட்கப்பட்ட 3,38,226 பேரில் பதின்மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதிகாரிகளின் தொடக்க மதிப்பீடே இரண்டு நாளில் 45,000 பேரை மீட்க முடியலாம் என்பதுதான். அதாவது, தொடர்ந்து போராடுவது என்று முடிவான நேரத்தில் தரைப்படை பெரும்பாலும் போய்விட்டது என்றே எல்லோரும் கணக்குப் போட்டிருந்தார்கள். படத்தில் படகுக் கூட்டம் கடலில் கிளம்பும் காட்சி முன்பே வந்துவிடுவதால், படை தப்பிவிடும் என்ற நம்பிக்கையில்தான் சர்ச்சில் நின்றார் என்று பார்ப்பவர் நினைத்துக்கொள்வார். நடந்தது நேர் எதிர்.

படகு விஷயத்திலும் ஒரு திருத்தம். 30 அடி முதல் 100 அடி வரை நீளமுள்ள தனியார் படகுகளின் விவரத்தை உரிமையாளர்கள் பதினான்கு நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்ற கடற்படைத் துறை அறிவிப்பு மே 14 அன்றே பிபிசியில் வந்துவிட்டது. டோவர் பாறைக்குள் இருந்த சுரங்க அறைகளில் உட்கார்ந்து மீட்பைத் திட்டமிட்டு நடத்தியவர் துணை அட்மிரல் ராம்சே. சர்ச்சில் தொலைபேசியில் சொல்லித்தான் அவருக்குப் படகு யோசனை வந்தது போலக் காட்டுவது ராம்சேக்குச் செய்யும் அநியாயம்.

14 மார்ச்

"அப்படியானால் சர்ச்சில் தடுமாறியதே இல்லையா? படத்தில் அழுகிறார், ஒரு கட்டத்தில் பேசலாம் என்றுகூடச் சொல்கிறாரே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

நல்ல கேள்வி. சர்ச்சில் அபிமானிகள் பலர் படத்தின் மீது வைக்கும் பெரிய குற்றச்சாட்டு இதுதான்: அவர் ஒரு கணமும் ஆடவில்லை, படம் அவரைக் கோழையாக்கிவிட்டது என்று. எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆவணங்களைத் திரும்பப் பார்த்ததும் மாற்றிக்கொண்டேன். மால்டா, ஜிப்ரால்டர், ஆப்பிரிக்கக் குடியேற்றங்கள் சிலவற்றைக் கொடுத்து இந்தச் சிக்கலிலிருந்து வெளியேற முடியுமானால் நான் குதித்தெழுந்து ஏற்பேன், ஆனால் அது நடக்காது என்று அவர் சொன்னதாகச் சேம்பர்லினின் நாட்குறிப்பில் இருக்கிறது. ஹாலிஃபாக்ஸை இழந்தால் அரசே உடையும் என்பதால் விட்டுக்கொடுத்துப் பேசினாரா, மனதாரச் சொன்னாரா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். முதலாவதுதான் என்பது என் கருத்து. ஆனால் அவர் அசைந்தது போல வார்த்தைகள் பதிவில் இருக்கும்போது, அதைக் காட்டியதற்காகப் படத்தைக் குற்றம் சொல்லக் கூடாது.

இது சர்ச்சில் எழுதிய வரலாற்றுக்கும் பொருந்தும். நாம் தனித்துப் போராட வேண்டுமா என்ற மாபெரும் கேள்வி அமைச்சரவையின் நிகழ்ச்சி நிரலில் இடம்பெறவே இல்லை என்று தன் போர் வரலாற்றில் எழுதிவைத்தார். மூன்று நாள் அதை மட்டுமே பேசியவர்கள்! ஹாலிஃபாக்ஸ் அப்போது உயிரோடு இருந்தார், கட்சிக்காரர் வேறு. அவரைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினார் என்று தோன்றுகிறது. கூட்டக் குறிப்புகள் 1970களின் தொடக்கத்தில் திறக்கப்பட்ட பிறகுதான் உலகுக்கு முழு விவரமும் தெரிந்தது.

15 மார்ச்

சின்னச் சின்னதாகக் கேட்டிருக்கிறீர்கள், மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

நிலத்தடிப் போர் அறைகள்: இருந்தன, 1939 ஆகஸ்டிலேயே தயார். ஆனால் 1940 மே மாத விவாதம் அங்கே நடக்கவில்லை. டவுனிங் தெரு 10, நாடாளுமன்றத்திலிருந்த பிரதமர் அறை போன்ற தரைக்கு மேலிருந்த இடங்களில் நடந்தது. லண்டன் மீது குண்டு விழத் தொடங்கிய பிறகுதான் அமைச்சரவை அந்த அறைகளுக்கு அடிக்கடி இறங்கியது. போர் முடியும்வரை அங்கே நடந்த கூட்டங்கள் 115. படத்துக்கு இருட்டும் தாழ்ந்த கூரையும் தேவைப்பட்டன.

ரூஸ்வெல்ட்டோடு தொலைபேசி: படத்தில் ஓர் இடுக்கு அறையிலிருந்து பேசுகிறார். அந்த அட்லாண்டிக் தொலைபேசி அறை 1943ஐச் சேர்ந்தது. 1940 மே 15 அன்று சர்ச்சில் உண்மையில் அனுப்பியது தந்தி. பழைய நாசகாரிக் கப்பல்கள் நாற்பது, ஐம்பது கடனாகக் கேட்டார். 'முன்னாள் கடற்படையாள்' என்று கையெழுத்து. ஐம்பது கப்பல் கைக்கு வர செப்டம்பர் ஆனது.

விமானங்களைக் கனடா எல்லைவரை கொண்டுவந்து குதிரை பூட்டி இழுத்துக்கொள்ளுங்கள் என்று ரூஸ்வெல்ட் சொல்வது நக்கலாக எழுதிய வசனம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அமெரிக்காவின் நடுநிலைச் சட்டத்தை மீறாமலிருக்க வடக்கு டக்கோட்டாவின் பெம்பினா போன்ற இடங்களில் விமானங்களை எல்லைக்கோட்டருகே இறக்கி, குதிரையாலும் டிராக்டராலும் கனடாப் பக்கம் இழுத்தார்கள்.

இரண்டு விரல் வெற்றிச் சின்னம்: 1941. லண்டனிலிருந்து ஒலிபரப்பான பெல்ஜிய நிகழ்ச்சியில் அந்த ஆண்டு ஜனவரியில்தான் 'வி' என்ற எழுத்தை முன்வைத்தார்கள். படத்தில் ஓராண்டு முந்திவிட்டது.

16 மார்ச்

செயலாளர் எலிசபெத் லேட்டன் பற்றி. அவர் சர்ச்சிலிடம் வேலைக்குச் சேர்ந்தது 1941 மே. படம் 1940 மே. அன்றைக்குப் பக்கத்தில் இருந்தவர் 1937 முதல் உடனிருந்த கேத்லீன் ஹில். "பிழை, அவ்வளவுதான்" என்று எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்த முதல் நாள் காட்சி இருக்கிறதே, அவர் நெருக்கமான வரியில் தட்டச்சு செய்துவிட, இரண்டு வரி இடைவெளி எங்கே என்று சர்ச்சில் சீறி விழுவது, அது நடந்தது. ஓராண்டு கழித்து நடந்தது. லேட்டனே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஆளும் சம்பவமும் உண்மை, தேதி மட்டும் இடம் மாறியிருக்கிறது. ரயில் காட்சியோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

படம் காட்டாமல் விட்ட ஒன்று என்னை வருத்துகிறது. சர்ச்சிலின் உரைத் தாள்கள் பத்தி பத்தியாக இருக்காது. ஒரு வாக்கியத்தை நான்கைந்து துண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டையும் தனி வரியில், அடுத்தது இன்னும் கொஞ்சம் உள்தள்ளி, படிக்கட்டு போலத் தட்டச்சு செய்வார்கள். அலுவலகத்தில் அதற்குச் 'சங்கீத வடிவம்' என்று பெயர், பைபிளின் சங்கீதப் புத்தகம் போல இருப்பதால். எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று கண்ணே சொல்லிவிடும். பேசும்போது குனிந்து ஒரு வரியைக் கண்ணால் எடுத்துக்கொண்டு நிமிர்ந்து சொல்லலாம். நம்மூரில் மேடைக்குக் குறிப்பு எழுதுபவர்கள் இன்றும் கையாளக்கூடிய முறை. அந்தத் தாள் ஒன்றை நான்கு நொடி திரையில் காட்டியிருந்தால், சொல்லை எப்படிப் படைபோல அணிவகுத்தார் என்பதற்கு வேறு வசனமே தேவைப்பட்டிருக்காது.

அந்த வசனமும் இரவல்தான். ஆங்கில மொழியைத் திரட்டிப் போருக்கு அனுப்பிவிட்டார் என்று கடைசியில் ஹாலிஃபாக்ஸ் சொல்கிறாரே, அது அமெரிக்க வானொலிச் செய்தியாளர் எட்வர்ட் மர்ரோ பல ஆண்டு கழித்துச் சொன்னது. 1963இல் கென்னடியும் அதைக் கையாண்டார்.

படத்தின் இறுதியில் வரும் சர்ச்சிலின் உரை ஜூன் 4 அன்று நிகழ்ந்தது, மே 28க்கு முழு ஒரு வாரம் தள்ளி. நாடாளுமன்றத்தில் அப்போது ஒலிப்பதிவு கிடையாது. இன்று நாம் கேட்கும் சர்ச்சிலின் குரல் 1949இல் அவர் தனியாகப் பதிவு செய்து கொடுத்தது.

17 மார்ச்

ஒப்பனை பற்றிக் கேட்டவருக்கு.

கசுஹிரோ சுஜி 2012 வாக்கில் சினிமாவை விட்டு விலகிச் சிற்பம் செய்யப் போய்விட்டவர். சர்ச்சிலாக நடித்த கேரி ஓல்ட்மேன் தானே கேட்டுக்கொண்டு அழைத்துவந்தார். டேவிட் மாலினோவ்ஸ்கி, லூசி சிபிக் இருவரோடும் சேர்ந்து ஆஸ்கர். தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் நாற்காலியில். படப்பிடிப்பு முழுவதும் சேர்த்து ஏறத்தாழ இருநூறு மணி நேரம்.

சிக்கல் எங்கே என்றால், ஓல்ட்மேன் முகம் நீளம், சர்ச்சில் முகம் உருண்டை. கன்னம், தாடை, கழுத்துக்குச் சதை சேர்க்கலாம். கண்களுக்கு நடுவிலுள்ள தூரத்தைச் சேர்க்க முடியாது. முகம் முழுக்க மூடினால் ஒற்றுமை கூடும், ஆனால் நடிகர் செத்துப்போவார், முகமூடிதான் பேசும். அதனால் நெற்றியையும் கண்ணையும் அவருடையதாகவே விட்டு, கீழ்ப் பாதியில் சிலிகோன் துண்டுகளை ஒட்டினார்கள். சிலிகோன் ஏன்? தோலைப் போல ஒளியைக் கொஞ்சம் உள்ளே வாங்கிக்கொள்ளும். பழைய நுரை ரப்பர் வாங்காது, நெருக்கக் காட்சியில் சுண்ணாம்பு பூசியது போலத் தெரியும். துண்டுகளின் விளிம்பைக் காகிதத்தைவிட மெல்லியதாக வார்த்தால்தான் தோலோடு கரையும். மெல்லியது என்பதால் மாலையில் கழற்றும்போது கிழியும். மறுநாளுக்குப் புதுத் துண்டு.

புருனோ டெல்போனலின் ஒளிப்பதிவு இங்கே பெரிய துணை. உயரத்திலிருந்து விழும் ஒற்றை ஒளிக்கற்றை, சுற்றிலும் இருட்டு, சுருட்டுப் புகை. கழுத்துப் பகுதி பெரும்பாலும் நிழலில் போய்விடும். சுருட்டுப் புகையின் விலையை ஓல்ட்மேனே சொல்லியிருக்கிறார்: அளவுக்கு மீறிப் புகைத்து நிகோடின் நஞ்சேறிவிட்டது என்று.

இடம் பற்றி: படத்தின் பக்கிங்ஹாம் அரண்மனை உண்மையில் யார்க்‌ஷயரிலுள்ள வென்ட்வொர்த் வுட்ஹவுஸ் மாளிகை. நாடாளுமன்ற நடைவழிகளுக்கு மான்செஸ்டர் நகர மண்டபம். மக்களவை அரங்கமோ 1941 மே மாதக் குண்டுவீச்சில் அழிந்தே போனது. இன்று இருப்பது 1950இல் திறந்தது. அதனால் 1940 அரங்கம் வேண்டுமென்றால் புதிதாகக் கட்டித்தான் ஆக வேண்டும்.

18 மார்ச்

"இந்தியாவைப் பட்டினி போட்டவரை எதற்குக் கொண்டாட வேண்டும்" என்று ஒரு குறிப்பு. கோபம் நியாயமானது. 1943 வங்கப் பஞ்சத்தில் இறந்தவர்கள் அரசு விசாரணைக் குழுவின் கணக்கிலேயே 15 லட்சம். பின்வந்த மதிப்பீடுகள் 30 லட்சம்வரை போகின்றன. கப்பலும் தானியமும் ஒதுக்க லண்டன் காட்டிய தயக்கமும், இந்தியர்களைப் பற்றிச் சர்ச்சில் பேசிய பேச்சும், அவருடைய இந்திய விவகார அமைச்சர் லியோ அமெரியின் நாட்குறிப்பில் கிடக்கின்றன. இந்த அமெரிதான் 1940 மே 7 அன்று குரோம்வெல்லின் சொற்களை எடுத்து, கடவுளின் பெயரால் கேட்கிறேன், போய்விடுங்கள் என்று சேம்பர்லினைப் பார்த்துச் சொன்னவர். ஒரே ஆள் இரண்டு வரலாற்றிலும் சாட்சி.

படம் மூன்று வாரத்தைச் சொல்கிறது, 1943ஐ அதில் தேட முடியாது. ஆனால் நாம் இந்தப் படத்தைப் பார்க்கும்போது நமக்கு மட்டும் தெரியும் ஒன்று உண்டு. ஹாலிஃபாக்ஸ் யார்? நம் பாடப்புத்தகத்து இர்வின் பிரபு. 1926 முதல் 1931 வரை வைசிராய். தண்டி யாத்திரையும், ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யம் நடந்ததும் அவர் காலத்தில்தான். காந்தியைச் சிறையிலிருந்து விட்டு, உட்காரவைத்துப் பேசி, 1931 மார்ச் 5 அன்று ஒப்பந்தம் போட்டார். அதற்குச் சில நாள் முன்புதான் சர்ச்சில், அரை நிர்வாணமாக வைசிராய் மாளிகைப் படியேறும் பக்கிரி என்று காந்தியைச் சாடினார். இந்தியா விஷயத்திலேயே தன் கட்சித் தலைமையோடு முறித்துக்கொண்டு வெளியே நின்றவர்.

எதிராளியோடு பேசலாம் என்பவர் ஒருவர், பேசினாலே தோல்வி என்பவர் மற்றவர். 1931இல் பேசலாம் என்றவர் சரி. 1940இல் அவரே தவறு, ஏனென்றால் எதிரே இருந்தது காந்தி இல்லை, ஹிட்லர். படம் ஹாலிஃபாக்ஸைத் திரைமறைவில் சதி செய்பவராகக் காட்டுகிறது. இர்வினை அறிந்த நாம் அவரை அவ்வளவு சுலபமாக வில்லனாக்கத் தேவையில்லை.

இன்னொன்று. டன்கர்க் கரையில் இந்தியர்களும் இருந்தார்கள். கோவேறு கழுதைகளோடு போன இந்திய ராணுவப் போக்குவரத்துப் பிரிவு, நான்கு அணிகள். பெரும்பாலும் பஞ்சாபி முஸ்லிம்கள். ஓர் அணி ஜெர்மானியரிடம் சிறைப்பட்டது. இவர்களை இந்தப் படமும் காட்டவில்லை.

20 மார்ச்

சேம்பர்லின் பற்றி 12ஆம் தேதி இரவுக் குறிப்பில் ஒன்றுமே சொல்லவில்லை, அது குறை. ஐவரில் தராசின் முள் அவர்தான். அட்லியும் கிரீன்வுட்டும் முதலிலிருந்தே சர்ச்சில் பக்கம். ஹாலிஃபாக்ஸ் எதிர்ப்பக்கம். கன்சர்வேடிவ் கட்சித் தலைவர் அப்போதும் சேம்பர்லின்தான், சர்ச்சில் இல்லை. அவர் ஹாலிஃபாக்ஸோடு சேர்ந்திருந்தால் அரசு நிலைத்திருக்காது. 26இலும் 27இலும் ஊசலாடினார். 28இல், இந்த நேரத்தில் இத்தாலியை அணுகுவதில் பயனில்லை என்ற பக்கம் சாய்ந்தார்.

படத்தில் இது ஒரு கைக்குட்டையாகிவிடுகிறது: அவர் அதை எடுத்து நெற்றியைத் துடைத்தால் கட்சி கைதட்டும். கைக்குட்டை கற்பனை. ஆனால் கன்சர்வேடிவ் உறுப்பினர்கள் சர்ச்சிலை வாரக்கணக்கில் மௌனமாகவே வரவேற்றது உண்மை. ஜூலை 4 அன்று, பிரெஞ்சுக் கடற்படையைத் தாக்கியது பற்றி அவர் பேசியபோதுதான் அந்தப் பக்கம் முழுவதும் எழுந்து ஆரவாரித்தது. சேம்பர்லினின் உடல்நிலையையும் படம் முன்தேதியிட்டிருக்கிறது. குடல் புற்றுநோய் தெரியவந்தது அந்தக் கோடையில். நவம்பர் 9 அன்று இறந்தார். மே மாதத்தில், சாகப்போகிறோம் என்று அறிந்த மனிதராக அவர் உட்கார்ந்திருக்கவில்லை.

22 மார்ச்

வகுப்பில் காட்டலாமா என்ற முதல் கேள்விக்கு: காட்டுங்கள், முழுதாக வேண்டாம். இரண்டு மணி நேரப் படம், இரண்டு பாடவேளையில் அடங்காது.

ஐவர் கூட்டக் காட்சிகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். போடுவதற்கு முன் கரும்பலகையில் மே 7 முதல் ஜூன் 4 வரை தேதிகளை ஒரு கோட்டில் எழுதிவிடுங்கள். படம் பெரிய எழுத்தில் தேதி காட்டும்போதெல்லாம் நிறுத்தி, அந்தத் தேதிக்குக் கீழே படம் சொல்வதை ஒரு நிறத்திலும் ஆவணம் சொல்வதை இன்னொரு நிறத்திலும் மாணவர்களையே எழுதச் சொல்லுங்கள். 27, 28க்குக் கீழே கரை சேர்ந்தோர் எண்ணிக்கையை மறக்காமல் போடுங்கள். ரயில் காட்சியை வெட்ட வேண்டாம். கடைசியில் போட்டு, இது எதற்குப் பதிலாக வைக்கப்பட்டது என்று கேளுங்கள். தேதிக்கோடு பலகையில் இருந்தால் பதில் சொல்லிவிடுவார்கள்.

அமைச்சரவைக் குறிப்புகள் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. இந்த விவாதம் பொதுக் குறிப்பில் இருக்காது, ரகசிய இணைப்பில்தான் இருக்கும். பொதுக் குறிப்பை மட்டும் எடுத்துப் படித்துவிட்டு ஒன்றுமே இல்லையே என்று திரும்பிவிடாதீர்கள். குறிப்பில் "பிரதமர் கூறினார்", "வெளியுறவு அமைச்சர் கருதினார்" என்று எல்லாமே படர்க்கையில், கோபமெல்லாம் வடிகட்டி இருக்கும். அதனால் அதே தேதிக்கு ஹாலிஃபாக்ஸ், சேம்பர்லின், டால்ட்டன் நாட்குறிப்புகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால்தான் அறையின் சூடு தெரியும்.

22 மார்ச், சற்றுப் பின்

ஒன்று விட்டுப்போயிற்று. கற்பனைக்கு இடமே இல்லாமல் எழுதினால் அது சினிமாவா என்று மேலே ஒருவர் கேட்டிருந்தார். இடம் இருக்கிறது, ஆவணத்துக்கு உள்ளேயே. மே 26 பிற்பகல், ரெய்னோ கிளம்பிப்போன பிறகு அமைச்சர்கள் முறைசாராமல் உட்கார்ந்தார்கள். அந்தக் கூட்டத்தின் குறிப்பு ஒரு விளக்கத்தோடு தொடங்குகிறது: முதல் கால் மணி நேரப் பேச்சு இதில் இல்லை, அப்போது செயலாளர் அறையில் இல்லை. ஐந்து பேர், மூடிய கதவு, எழுதிக்கொள்ள ஆள் இல்லாத பதினைந்து நிமிடம். திரைக்கதை எழுதியவர் அந்த அறைக்குள் போயிருக்கலாம்.